மூணு தடவை ஊசி போட்டும் செனை நிக்கலையா? வாசகர் கேள்வி, டாக்டரம்மா பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே விஷயத்தைச் சுத்திதான். செனை ஊசி (காளையோட விந்தை, அதாவது செமனை, குழாயால மாட்டுக் கருப்பைல வைக்கிறது), கிடாரிக்கன்னா பொறக்க வைக்கிற செமன், கரு மாத்தி வைக்கிறது, டெஸ்ட் டியூப் கன்னு இப்படி. தனித்தனியா எழுதாம எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடறேன், ஒருத்தர் கேட்டது இன்னொருத்தருக்கும் பயன்படும்.

கேள்வி: டாக்டரம்மா, என் மாடு ரெண்டாவது ஈத்து. கன்னு போட்டு அஞ்சு மாசம் ஆச்சு. மூணு தடவை செனை ஊசி போட்டாச்சு, ஒவ்வொரு தடவையும் 21 நாள்ல திரும்ப பருவத்துக்கு வந்துடுது. ஊசி போட வர்றவர் செமன் நல்லதுதான்னு சொல்றார். எல்லாரும் வித்துடுன்னு சொல்றாங்க, கையில வளத்த மாடு, மனசு வரல. என்ன பண்ணட்டும்?

பதில்: இப்பவே விக்காதீங்கம்மா. 21 நாள்ல சரியா திரும்ப வருதுன்னா அதுல ஒரு நல்ல சேதி இருக்கு, சூலகம் வேலை செய்யுது, முட்டை வருது, சுழற்சி ஒழுங்கா ஓடுது. பருவத்துக்கே வராத மாட்டைவிட உங்க மாட்டுக்கு வழி பண்றது சுலபம். மூணு தடவை போட்டும் நிக்காம ஒழுங்கா திரும்ப வர்ற மாட்டை நாங்க ரிப்பீட் பிரீடர்னு தனியா குறிச்சு வெச்சுப் பாப்போம், ஏன்னா காரணம் ஒண்ணா இருக்காது, நாலஞ்சு இருக்கும், ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வரணும்.

முதல்ல நேரம். நான் பாத்த வரைக்கும் தப்பு நடக்கிறது பெரும்பாலும் இங்கதான். மாடு கத்துது, தீனி எடுக்கல, பிறப்புறுப்பு தடிச்சிருக்குன்னு பாத்ததும் உடனே போன் பண்ணிடறோம், ஆனா அதெல்லாம் பருவத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும். இன்னொரு மாடு மேல தாண்டறப்ப நகராம அப்படியே நிக்குதே, அதுதான் நெஜமான பருவம். அது ஆரம்பிச்சதுல இருந்து கணக்கு வெச்சா சுமார் 24 லேருந்து 30 மணி நேரம் கழிச்சுதான் முட்டை வெளிய வரும், வந்த முட்டைக்கு ஆயுசு சில மணி நேரம்தான், விந்தணு உள்ள போய் தயாராகறதுக்கும் ஒரு ஆறேழு மணி நேரம் வேணும். இதையெல்லாம் கூட்டிக் கழிச்சுதான் காலைல பருவம் பாத்தா சாயங்காலம், சாயங்காலம் பாத்தா மறுநாள் காலைலன்னு சொல்றாங்க. 1940கள்ல அமெரிக்காவுல டிரிம்பர்கர்னு ஒருத்தர் மாடுகளை உக்காந்து கவனிச்சுப் போட்ட கணக்கு அது, இன்னிக்கும் பொய்யாகல.

வீட்ல ஒரே ஒரு மாடுதான், தாண்ட வேற மாடு இல்லைன்னா பின்னாடி வழியற சளி ஒழுக்கைப் பாருங்க. கண்ணாடி மாதிரி தெளிவா, அறுந்து விழாம கயிறு மாதிரி தொங்கணும். அதுல வெள்ளையா திரிதிரியா ஏதாவது கலந்திருந்தா கருப்பைல புண் இருக்குன்னு அர்த்தம், அன்னிக்கு எவ்வளவு ஒசத்தியான செமன் போட்டாலும் வீண்தான், முதல்ல அதுக்கு வைத்தியம் பாத்துட்டு அடுத்த பருவத்துக்குப் போடுங்க. இன்னொரு விஷயம், பருவம் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல வாலுல லேசா ரத்தம் ஒட்டியிருக்கறதைப் பாத்திருப்பீங்க, நிறைய பேர் பயந்துடறாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா அந்தத் தேதியைக் குறிச்சு வைங்க, அதுலேருந்து 18, 19 நாள் கழிச்சு அடுத்த பருவம் வரும், அப்ப தூங்காம பாத்துடலாம்.

ரெண்டாவது, செமன் நல்லதுன்னு சொல்றாரே, அது கம்பெனிய விட்டுக் கிளம்பறப்ப நல்லதா இருந்திருக்கும். உங்க மாட்டுக்குள்ள போறப்பவும் நல்லதாவே இருந்துச்சான்னு பாக்கணும். கன்டெய்னர்ல திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரில இருக்கு. செமன் அடைச்ச மெல்லிசான குழாயைத்தான் குச்சின்னு சொல்றோம், அதை வெளிய எடுக்கிறப்ப குச்சிங்க இருக்கிற கப்பைக் கன்டெய்னர் கழுத்துக்கு மேல தூக்கி வெச்சுக்கிட்டு நம்பர் தேடக் கூடாது, பத்து செகண்ட் கூட தாங்காது. எடுத்த குச்சியை 35லேருந்து 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணில ஒரு 30, 40 செகண்ட் விடணும், தண்ணி சூட்டைத் தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்கணும், விரலை விட்டுப் பாத்தா போதாது. அப்புறம் குச்சியைச் சொட்டுத் தண்ணி இல்லாம துடைக்கணும், ஒரு சொட்டு உள்ள போனாலும் விந்தணு ஊதி செத்துடும். உள்ளங்கைல உருட்டி சூடாக்கறது, சட்டைப் பைல போட்டுக்கறது, வெயில்ல பிடிச்சுக்கிட்டு மாட்டைத் தேடறது, இதெல்லாம் நான் கண்ணால பாத்திருக்கேன். ஒரு தடவை நான் வேலை பாத்த இடத்துல ரெண்டு மாசமா போட்ட ஊசி ஒண்ணுமே நிக்கல, எல்லாரும் மாட்டுத் தீவனத்தைக் குறை சொல்லிக்கிட்டு இருந்தோம், கடைசில பாத்தா கன்டெய்னர்ல நைட்ரஜன் அடிமட்டத்துல கிடந்துச்சு, ஒருத்தரும் அளவுக்குச்சி விட்டுப் பாக்கல. அந்த அளவுக்குச்சியை விட்டு எடுத்து ஆட்டினா எதுவரைக்கும் வெள்ளையா பனி பிடிச்சிருக்கோ அதுதான் நைட்ரஜன் மட்டம், அரை நிமிஷ வேலை, அதைச் செய்யாததால எத்தனை வீட்டுக்கு ஒரு வருஷம் போச்சுன்னு நெனச்சா இன்னிக்கும் மனசு கேக்கல. அதனால ஊசி போட வர்றவர்கிட்ட தண்ணி எவ்வளவு சூடு, நைட்ரஜன் எவ்வளவு இருக்குன்னு கேளுங்க, மரியாதையா கேட்டா ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

மூணாவதுதான் நிறைய பேருக்குத் தெரியாதது. உங்க மாட்டுக்கு ஒரு தடவையாவது கரு உண்டாகியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. பத்து மாட்டுக்கு சரியா ஊசி போட்டா எட்டு ஒம்பதுல முட்டை கருவாயிடும், ஆனா அதுல கணிசமானது மூணு வாரத்துக்குள்ள கரைஞ்சு போயிடுது. 16வது நாள் வாக்குல கரு ஒரு புரதத்தைச் சுரக்கும், இன்டர்ஃபெரான் டௌன்னு பேரு, நான் இங்கதான் இருக்கேன்னு தாய்க்குச் சொல்ற குரல் மாதிரி அது. கரு பலவீனமா இருந்து அந்தக் குரல் எட்டலைன்னா கருப்பை அடுத்த சுழற்சியை ஆரம்பிச்சுடும், உங்களுக்கு 21 நாள்ல மாடு திரும்ப கத்தும், கரு வந்து போனதே தெரியாது. கன்னு போட்டப்புறம் மாடு பால் கறக்கிற வேகத்துக்குத் தீனி எடுக்க முடியாம உடம்பு கரையும், விலா எலும்பு வெளிய தெரிய ஆரம்பிக்கும், கடும் வெயில் இருந்தா இன்னும் மோசம், அந்த நிலைல இருக்கிற மாடுகளுக்கு இப்படி கரு கரையறது ரொம்ப அதிகம். அதனால அடுத்த பருவத்துக்குள்ள தீனியைச் சரி பண்ணுங்க, தாது உப்பு விடாம குடுங்க, டாக்டரை விட்டு கருப்பையை ஒரு தடவை சோதிக்கச் சொல்லுங்க, நிழலும் தண்ணியும் பாருங்க. ஊசி போட்ட 30வது நாள் ஸ்கேன் பாத்துட்டு எனக்கு மறுபடி எழுதுங்கம்மா.

கேள்வி: செக்ஸ்டு செமன் போட்டா கண்டிப்பா கிடாரிக்கன்னுதான் பொறக்குமா? அதுல மருந்து கலந்து மாத்தறாங்கன்னு ஒருத்தர் சொன்னார், கன்னுக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: மருந்து கலந்து ஆணைப் பெண்ணா மாத்த முடியாதுங்க, அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. அங்க நடக்கிறது பிரிக்கிற வேலைதான். கிடாரி பொறக்க வைக்கிற எக்ஸ் விந்தணுல மாட்டைப் பொறுத்தவரைக்கும் டிஎன்ஏ சுமார் 3.8 சதவீதம் கூடுதலா இருக்கும். விந்தணுவுக்கு டிஎன்ஏ-ல ஒட்டற ஒரு சாயம் ஏத்தி, ஒவ்வொண்ணா வரிசைல விட்டு லேசர் ஒளி அடிச்சா எக்ஸ் கொஞ்சம் கூடுதலா மின்னும், அதை வெச்சு மின்சாரத்தால இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு தள்ளிடறாங்க. அமெரிக்காவுல பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்துல 1980கள்ல உருவான முறை, முதல்ல முயல்ல செஞ்சு பாத்தாங்க. 3.8 சதவீதம்ங்கறது ரொம்பச் சின்ன வித்தியாசம், அதனால நூத்துக்கு 90 வாக்குல கிடாரி பொறக்கும், மிச்சம் காளங்கன்னு வரும், அதுக்காக ஏமாத்திட்டாங்கன்னு நெனைக்காதீங்க.

இதுல கவனிக்க வேண்டியது வேற. சாதாரண குச்சில சுமார் 2 கோடி விந்தணு இருக்கும், இதுல 20 லேருந்து 40 லட்சம்தான் இருக்கும், அதுவும் மெஷின்குள்ள அழுத்தத்துல போய்ட்டு வந்து களைச்சுப்போன அணுக்கள். அதனால செனை பிடிக்கிறது சாதாரண செமனைவிடக் கொஞ்சம் குறையும். இதை முதல் தடவை செனைக்கு வர்ற, நல்ல உடம்பு இருக்கிற கிடாரிக்குப் போடுங்க, பருவம் தெளிவா தெரிஞ்ச நாள்ல போடுங்க, வழக்கமான நேரத்தைவிடக் கொஞ்சம் தள்ளிப் போட்டா நல்லது. முதல் கேள்வி கேட்ட அம்மா வீட்டு மாடு மாதிரி ஏற்கனவே மூணு தடவை நிக்காத மாட்டுக்கு இதைப் போட்டுக் காசை விடாதீங்க.

கேள்வி: பருவத்துக்கு வர்றதுக்கு ஒரு ஊசி இருக்காமே, கடைலயே கிடைக்குதாம், நானே போட்டுக்கலாமா?

பதில்: வேணாம் தம்பி, இதை நான் கெஞ்சிக் கேக்கறேன். நீங்க சொல்றது புரோஸ்டாகிளாண்டின். சூலகத்துல முட்டை வெளியேறின இடத்துல உருவாகிற மஞ்சள் கட்டியைக் கரைக்கிற மருந்து அது, கரைஞ்சதும் ரெண்டு மூணு நாள்ல மாடு பருவத்துக்கு வரும். ஆனா மாடு ஏற்கனவே செனையா இருந்து உங்களுக்குத் தெரியாம போச்சுன்னா அதே ஊசி கன்னைக் கலைச்சுடும், செனையைத் தாங்கறதே அந்த மஞ்சள் கட்டிதான். பருவம் முடிஞ்ச முதல் அஞ்சு நாள்ல போட்டா வேலையே செய்யாது, கட்டி அப்பதான் உருவாகிட்டு இருக்கும். அதனாலதான் நாங்க 11லேருந்து 14 நாள் இடைவெளில ரெண்டு தடவை போடறது. இன்னும் முக்கியமா, இந்த மருந்து தோல் வழியாவே உடம்புக்குள்ள போகும், கர்ப்பமா இருக்கிற பெண்களும் ஆஸ்துமா இருக்கிறவங்களும் பாட்டிலைத் தொடவே கூடாது. கைல பட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவணும். வீட்ல யாராவது மாசமா இருந்தா இதைத் திறந்து வைக்காதீங்க தம்பி.

நாள் பாத்து எல்லா மாட்டுக்கும் ஒரே நேரத்துல ஊசி போடணும்னா அதுக்கு ஓவ்சிங்க்னு ஒரு முறை இருக்கு, 1995ல அமெரிக்காவுல விஸ்கான்சின்ல கண்டுபிடிச்சது. முதல்ல ஒரு ஹார்மோன், 7 நாள் கழிச்சு புரோஸ்டாகிளாண்டின், அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு மறுபடி அந்த முதல் ஹார்மோன், அதுக்கப்புறம் 16லேருந்து 20 மணி நேரத்துல செனை ஊசி, பருவம் தெரியுதான்னு காத்திருக்கவே வேணாம். பருவம் வெளிய காட்டாத மாடுகளுக்கு இது நல்ல கைகொடுக்கும், ஆனா டாக்டர் சோதிச்சுப் பாத்துதான்.

கேள்வி: கரு மாத்தி வைக்கிற முறைல பொறக்கிற கன்னு சுமந்த மாட்டோட குணத்தை எடுக்குமா? சாதாரண மாட்டு வயித்துல ஒசந்த ஜாதிக் கன்னுன்னு சொல்றது நெஜமா?

பதில்: நெஜம்தான். கன்னோட பரம்பரைக் குணம் எல்லாம் முட்டை குடுத்த மாடும் விந்து குடுத்த காளையும்தான் முடிவு பண்ணும். நிறம், கொம்பு, பால் எல்லாமே அங்கிருந்துதான். சுமக்கிற மாடு குடுக்கிறது இடமும் ஊட்டமும் சீம்பாலும். ஆனா அதைச் சின்னதா நெனைக்காதீங்க, பொறந்த கன்னுக்கு நோய் எதிர்ப்பு சக்தி அந்தச் சீம்பால்லதான் வருது, கருப்பை சரியில்லைன்னா எவ்வளவு ஒசத்தியான கருவா இருந்தாலும் நிக்காது.

எப்படிப் பண்றாங்கன்னும் கேட்டிருக்கீங்க. சாதாரணமா மாடு ஒரு பருவத்துக்கு ஒரு முட்டைதான் விடும். நல்ல மாட்டைத் தேர்ந்தெடுத்து அதுக்கு முட்டையை வளர வைக்கிற எஃப்எஸ்ஹெச்ங்கற ஹார்மோனை காலைலயும் சாயங்காலமுமா நாலு நாள் அளவைக் குறைச்சுக்கிட்டே போட்டா பல முட்டைகள் சேந்து வளரும். பருவம் வந்ததும் செனை ஊசி ரெண்டு தடவை போடுவோம். 7வது நாள் முதுகுத்தண்டுல மரத்துப்போற ஊசி போட்டுட்டு, பலூன் வெச்ச மெல்லிசான ரப்பர் குழாயை கருப்பைக்குள்ள விட்டு, வெதுவெதுப்பான திரவத்தை உள்ள விட்டு வெளிய எடுத்து வடிகட்டுவோம்.

அப்படி வடிகட்டினதை ஊத்தின தட்டை நான் முதன்முதலா மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வெச்சுப் பாத்தப்ப முக்கால் மணி நேரம் தேடினேன், சளித் துணுக்கும் செல் குப்பையும்தான் தெரிஞ்சுது. அப்புறம் ஒரு ஓரத்துல உருண்டையா, சுத்தி ஒரு தெளிவான வளையம், உள்ள முசுக்கட்டைப் பழம் மாதிரி செல்லுங்க நெருக்கமா ஒட்டிக்கிட்டு ஒண்ணு கிடந்துச்சு. ஒரு மில்லிமீட்டர்ல ஆறுல ஒரு பங்குதான் இருக்கும். அன்னிக்கு மொத்தம் நாலு கிடைச்சுது, அதுல ரெண்டுதான் முதல் தரம். சராசரியா ஒரு தடவைக்கு அஞ்சாறு நல்ல கரு கிடைக்கும்னு புத்தகத்துல இருக்கும், ஆனா சராசரியை நம்பிப் போகாதீங்க, ஒரு மாடு பதினஞ்சு குடுக்கும், அடுத்த மாடு ஒண்ணுகூட குடுக்காது, முன்கூட்டி உறுதியா சொல்ல முடியாது.

சுமக்கப்போற மாடும் முட்டை குடுத்த மாடும் ஒரே நாள், அதிகபட்சம் ஒரு நாள் முன்னப்பின்ன பருவத்துக்கு வந்திருக்கணும். எந்தப் பக்க சூலகத்துல மஞ்சள் கட்டி இருக்கோ அந்தப் பக்கக் கருப்பைக் கொம்புலதான் (கருப்பையோட கிளைல) கருவை வைக்கணும், எதிர்ப்பக்கம் வெச்சா கருவோட குரல் எட்டறதே கஷ்டம். எல்லாம் சரியா நடந்தாலும் நூத்துக்கு 50லேருந்து 60தான் நிக்கும். யாராவது நூத்துக்கு நூறு உத்தரவாதம்னு சொன்னா அங்கிருந்து எழுந்து வந்துடுங்க.

கேள்வி: அப்ப டெஸ்ட் டியூப் கன்னு வேற, கரு மாத்தி வைக்கிறது வேறயா?

பதில்: கடைசி கட்டம் ஒண்ணுதான், கரு எங்க உருவாகுதுங்கறதுதான் வேற. டெஸ்ட் டியூப் முறைல ஸ்கேன்ல பாத்துக்கிட்டே நீளமான ஊசியால சூலகத்துலேருந்து நேரா முட்டைகளை உறிஞ்சி எடுத்துடுவாங்க. லேப்ல ஒரு நாள் முட்டையைப் பழுக்க வெச்சு, விந்தணுவோட சேத்து விட்டு, 38.5 டிகிரில, மாட்டு உடம்பு சூட்டுலயே ஏழு நாள் வளப்பாங்க. பத்து முட்டைல மூணு கருவானா நல்ல லேப். 1981ல அமெரிக்காவுல பென்சில்வேனியால முதல் கன்னு பொறந்துச்சு, இப்ப உலகத்துல மாட்டுக்கு இந்த வகைக் கருதான் அதிகமா தயாராகுது, பிரேசில் இதுல முன்னணி நாடுகள்ல ஒண்ணு. முட்டையை ஹார்மோன் இல்லாமகூட எடுக்கலாம், ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் எடுக்கலாம், செனையா இருக்கிற மாட்டுலகூட ஆரம்ப மாசங்கள்ல எடுக்க முடியும்.

குறை என்னன்னா லேப்ல வளந்த கரு உறைபனில வெச்சு எடுத்தா வயித்துல வளந்த கரு அளவுக்குத் தாங்காது, சில கன்னு அளவுக்கு மீறி பெருசா வளந்து ஈனறப்ப தாய் மாடு ரொம்பக் கஷ்டப்படும். கருவை வளக்கிற திரவத்துல சீரம் சேக்கறதோட இதுக்குத் தொடர்பு இருக்குன்னு தெரிஞ்சப்புறம் இப்ப நிறையக் குறைஞ்சிருக்கு. ஆனாலும் இப்படிச் செனையான மாட்டுக்குப் பிரசவ நேரத்துல டாக்டர் எட்டற தூரத்துல இருக்கணும், அதை மட்டும் விட்டுடாதீங்க.

கேள்வி: ஊசில பொறந்த கன்னு காளைக்கு விட்டுப் பொறந்த கன்னைவிட சவலையா இருக்கும்னு எங்க மாமா சொல்றார்.

பதில்: இல்லைங்க. விந்தணு ஒண்ணுதான், போற வழிதான் வேற. கன்னு சவலையா இருந்தா சீம்பால் எப்பக் குடுத்தீங்க, பூச்சி மருந்து குடுத்தீங்களான்னு பாருங்க. உறைஞ்சு போனதுல உயிர் எப்படி இருக்கும்னு மாமா கேட்டா இதைச் சொல்லுங்க: 1949ல லண்டன் பக்கம் மில் ஹில்ல போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ்னு மூணு பேர் சேவல் விந்தை உறைய வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, ஒவ்வொரு தடவையும் செத்துப்போச்சு, ஒரு நாள் மட்டும் உயிரோட இருந்துச்சு, ஏன்னு பாத்தா சர்க்கரைக் கரைசல்னு லேபிள் ஒட்டின பாட்டில்ல இருந்தது கிளிசரின். அந்தக் கிளிசரின்தான் செல்லுக்குள்ள பனி ஊசி உருவாகாம காப்பாத்துது, அது இல்லைன்னா இன்னிக்கு உங்க வாசல்வரைக்கும் இந்தக் குச்சி வந்திருக்காது.

கேள்வி: இரட்டைக் கன்னு பொறந்துச்சு, ஒண்ணு காளை ஒண்ணு கிடாரி. கிடாரியை வளக்கலாமா?

பதில்: நூத்துக்கு 90க்கு மேல அது செனை பிடிக்காது. வயித்துக்குள்ள ரெண்டு பேரோட ரத்தக்குழாயும் ஒண்ணு சேந்து, காளங்கன்னோட ஹார்மோன் இதோட கருப்பையை வளரவிடாம செஞ்சிருக்கும். ஒரு மாசத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டினா மொட்டையான கம்பி வெச்சு உள் ஆழத்தை அளந்து சொல்லிடுவார், இல்ல ரத்தப் பரிசோதனைல தெரிஞ்சுடும். ரெண்டு வருஷம் வளத்துட்டு அழறதுக்கு இப்பவே பாத்துடுங்க.

கேள்வி: ஒரே பேர் பெத்த காளையோட செமனையே எல்லா மாட்டுக்கும் வருஷா வருஷம் போடலாம்னு இருக்கேன், நல்லதுதானே?

பதில்: வேணாங்க. நல்ல காளைங்கறது தப்பு இல்லாத காளைன்னு அர்த்தம் இல்ல. 1962ல அமெரிக்காவுல சீஃப்னு ஒரு ஹோல்ஸ்டீன் (கறுப்பு வெள்ளைக் கறவை இனம்) காளை பொறந்துச்சு, அதுக்கு மட்டும் சுமார் 16,000 மகள்கள், இன்னிக்கு அந்த இனத்தோட மரபணுவுல சுமார் 14 சதவீதம் அதுலேருந்து வந்ததுன்னு கணக்கு. பால் அருமையா குடுத்த வம்சம்தான். ஆனா அதோட ஒரு மரபணுல ஒரு பழுது இருந்துச்சு, அப்பா வழியிலயும் அம்மா வழியிலயும் அந்தப் பழுது சேந்து வந்தா கரு வயித்துலயே கலைஞ்சுடும். அரை நூற்றாண்டுக்கு அப்புறம்தான் அது கண்ணுக்குத் தெரிஞ்சுது, அதுக்குள்ள உலகம் பூரா 5 லட்சத்துக்கும் மேல கன்னுங்க பொறக்காமலே போயிருக்கும்னு கணிச்சிருக்காங்க. எத்தனை வீட்ல ஊசி சரியில்ல, மாடு சரியில்லன்னு திட்டியிருப்பாங்க பாருங்க.

உங்க மாட்டுக்குப் போட்ட காளை நம்பரை ஒரு நோட்டுல எழுதுங்க, குச்சி மேலயே அச்சடிச்சிருக்கும், தூக்கி எறியறதுக்கு முன்னாடி பாத்து எழுதிடுங்க. அந்த ஊசில பொறந்த கிடாரி வளந்து பருவத்துக்கு வர்றப்ப அதே நம்பரைப் போட்டா அப்பாவையே போட்ட மாதிரி. நோட்டு இல்லாததால இந்தத் தப்பு நடந்த தொழுவங்களை நான் நிறையப் பாத்துட்டேன்.

கேள்வி: 30வது நாள் ஸ்கேன்ல செனைன்னு சொன்னாங்க, ரெண்டு மாசம் கழிச்சுக் கை விட்டுப் பாத்தா காலின்னு சொல்றாங்க. யார் சொல்றது பொய்?

பதில்: ரெண்டு பேரும் நெஜத்தைத்தான் சொல்லியிருக்காங்க அண்ணா. 30வது நாள் ஸ்கேன்ல கருவோட இதயத் துடிப்பையே பாக்கலாம், அது பொய் சொல்லாது. ஆனா 30க்கும் 60க்கும் நடுவுல இன்னொரு தடவை கொஞ்சம் கரு கரையும், நஞ்சுக்கொடி கருப்பைல ஒட்டிப் பிடிக்கிற சமயம் அது. அதனால முதல் ஸ்கேன்ல செனைன்னு வந்தாலும் 60 நாள் தாண்டி இன்னொரு தடவை பாத்துதான் ஈனற தேதியைக் குறிக்கணும், ஊசி போட்ட நாள்லேருந்து சுமார் 280 நாள். உங்க மாட்டுக்கு இது முதல் தடவைன்னா மனசைத் தளர விடாதீங்க, அடுத்த பருவத்துல போட்டுக்கலாம். ரெண்டாவது தடவையும் இதே மாதிரி ஆச்சுன்னா ரத்தம் எடுத்து தொத்து நோய் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்க, கருவைக் கலைக்கிற புரூசெல்லா கிருமி மாதிரி சிலது மனுஷங்களுக்கும் தொத்தும், அதனால கலைஞ்சு விழுந்ததை வெறுங்கையால எடுக்காதீங்க, கையுறை போட்டு எடுத்து ஆழமா குழி தோண்டிப் புதைச்சுடுங்க.